யாருடைய நாய்?

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்து மாலைப்பொழுதொன்றில், பருத்தித்துறையில் எமது ஒழுங்கையிலே நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை இவ்வாரம் வாசகர்களின் முன் வைக்க விரும்புகின்றோம். அதனைச் சொல்வதில் எமக்குச் சிறிது வெட்கம் உண்டு. ஆயினும் ஒருவர் பட்ட வெட்கம் பத்துக் குடும்பங்களுக்குப் பயன்படுமாயின் அதனை மறைத்தல் தகாது.

எமது படலையடியில் செந்நிற நாயொன்று படுத்திருக்கும். 2021ஆம் ஆண்டு மார்கழி மழையில் நனைந்து, நடுங்கி வந்த குட்டி அது. பிள்ளைகள் இரங்கிச் சோறிட்டனர். ‘வீரன்’ என்று பெயருமிட்டனர். இரவில் அந்நியர் எவரேனும் ஒழுங்கையில் நடந்தால் குரைக்கும். மீன் வாங்கும் நாளில் தலையும் முள்ளும் அதற்குரியன. இத்தனை இருந்தும், அந்த நாய் எம்முடையது என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை.

சொல்லவேண்டிய வேளை ஒன்று வந்தது. 2023ஆம் ஆண்டில் ஒருநாள், சனசமூக நிலைய முன்றலிலே நாய்களுக்கு விசர்த் தடுப்பூசி போடப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துச் சென்றனர். அதற்கு முதல்நாள், வீட்டுக்கு எத்தனை நாய் என்று எழுதிச் செல்ல ஒருவர் வந்தார். படலையில் கிடந்த வீரனைக் காட்டி, “இது உங்கடை நாயோ?” என்று கேட்டார். “இல்லைத் தம்பி, அது சும்மா வந்து படுக்கிறது” என்றோம். அவர் தலையசைத்து அடுத்த வீட்டுக்குப் போனார். பொய் சொன்னோம் என்ற எண்ணங்கூட அப்போது எமக்கு எழவில்லை. ஊசி போடும் இடத்துக்கு நாயை இழுத்துச் செல்லும் அலுப்பும், பதிவு, கட்டணம் என்னும் தொல்லையும் ஒரே வாக்கியத்தில் ஒழிந்தன என்றுதான் எண்ணினோம்.

அந்த வாக்கியம் மறு ஆண்டு ஆடி மாதத்திலே எம்மிடம் திரும்பி வந்தது.

பக்கத்து வளவுப் பிள்ளைக்கு எட்டு வயது. அவன் அடித்த பந்து எமது முற்றத்தில் விழுந்தது. வீரன் அப்பொழுது மீன் தலையொன்றைத் தின்றுகொண்டிருந்தது. பந்தை எடுக்கப் பையன் குனிந்தான். தன் உணவைப் பறிக்க வருகிறான் என்று நாய் நினைத்திருக்கக்கூடும். ஒரு நொடியில் அவன் வலக்கையைக் கவ்விவிட்டது. இரத்தம் சிமெந்துத் தரையில் சொட்டியது.

ஓடி வந்த தாயார் முதலிற் கேட்ட கேள்வி இது: “அண்ணை, உங்கடை நாய்தானே? ஊசி போட்டிருக்கோ?”

‘அது எங்கடை நாய் இல்லை’ என்னும் அந்தப் பழைய வாக்கியம் நாநுனிவரை வந்தது. பையனின் கையைப் பார்த்தோம். வாக்கியம் அவ்விடத்திலேயே நின்றுவிட்டது. “ஓம் பிள்ளை, எங்கடைதான். ஊசி போடயில்லை” என்றோம். எமது வாழ்நாளில் நாம் சொன்ன மிகப் பாரமான சொற்களில் அவையும் அடங்கும்.

கிணற்றடியில் கால் மணி நேரம்

அயலார் கூடினர். சுண்ணாம்பு தடவலாம் என்றார் ஒருவர். மிளகாய்த் தூள் வைத்தால் விஷம் இறங்கும் என்றார் இன்னொருவர். பார்வை பார்ப்பவரிடம் கொண்டுபோகலாம் என்றார் ஒரு முதியவர். பையனின் தாயார் எவர் சொல்லையும் செவிமடுக்கவில்லை. அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிச் சென்று, காயத்தைச் சவர்க்காரம் இட்டு, ஓடும் நீரிலே கால் மணி நேரம் கழுவினார். அவன் அழுதான், அவர் நிறுத்தவில்லை. பின்னர் முச்சக்கர வண்டியில் மந்திகை ஆதார வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம்.

அவர் செய்ததே சரியானது என்பதைப் பின்னர் வைத்தியர் வாயிலாக அறிந்தோம். உலக சுகாதார நிறுவனமும் கடிபட்டவுடன் செய்யவேண்டிய முதற் காரியமாக இதனையே கூறுகின்றது: சவர்க்காரமும் நீரும் கொண்டு குறைந்தது 15 நிமிடங்கள் கழுவுதல். நோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கின்றது. அது நரம்பைப் பற்றுமுன் கழுவி அகற்றப்படும் ஒவ்வொரு துளியும் இலாபம். சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் காயத்தைப் புண்ணாக்கி, கிருமியை ஆழத்துக்குச் செலுத்துமேயன்றி அதனைக் கொல்லா.

வைத்தியசாலையில் மருத்துவர் கேட்ட கேள்விகள் மூன்று. “கடிச்ச நாய் ஆற்றை? ஊசி போட்டதோ? அட்டை இருக்கோ?” முதற் கேள்விக்கு மட்டுமே எம்மிடம் விடை இருந்தது. அந்த விடையும் ஓராண்டு பிந்தி வந்த விடை.

அந்த அட்டையின் பெறுமதியை அன்றுதான் உணர்ந்தோம். ஆண்டுதோறும் தவறாது ஊசி பெற்ற, நலமான வீட்டு நாய் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால், நாயைக் கவனித்துக்கொண்டே சிகிச்சையைத் தீர்மானிக்க வைத்தியருக்கு இடமுண்டு. ஆதாரம் இல்லையெனில், விசர் நாயே கடித்தது எனக் கொண்டு அவர் நடக்கவேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்தும், பின்பு குறித்த நாட்களில் தடுப்பூசிகளும் ஏறின. நாம் செலவிடாத அரை நாளுக்கும் செலுத்தாத சிறு கட்டணத்துக்கும் வட்டி கட்டியவன் அவன்.

பதினான்கு நாட்கள்

நாயை அடிக்கவும் கூடாது, துரத்தவும் கூடாது. 14 நாட்கள் கட்டிவைத்துக் கவனிக்கவேண்டும் என்றார் வைத்தியர். கடித்த நாயைக் கோபத்தில் அடித்துக் கொன்று புதைத்துவிடுவது எம்மூர் வழக்கம். அதனால் நாயோடு சேர்த்துச் சாட்சியத்தையும் புதைத்துவிடுகின்றோம் என்பதை எவரும் எண்ணுவதில்லை. கடிக்கும் வேளையில் நாயின் எச்சிலிலே கிருமி இருந்திருந்தால், அந்த நாய் சில நாட்களுக்குள் நோயுற்று இறந்துவிடும். இரண்டு வாரம் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை என்பது உறுதி. இடையில் இறந்துபோனால் அதன் தலையைப் பனிக்கட்டியில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவர். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக இப்பரிசோதனையைச் செய்து வருகின்றது.

வீரனை முருங்கை மரத்தடியில் கட்டினோம். ஒவ்வொரு காலையிலும் அந்தத் தாயார் வேலியோரம் வந்து நிற்பார். “அண்ணை, நாய் தண்ணி குடிச்சுதோ?” என்பார். “குடிச்சது பிள்ளை” என்போம். வேறு பேச்சில்லை. போய்விடுவார். பதின்மூன்று வருட அயல் உறவு அந்த இரண்டு வாரமும் ஒரு கிண்ணத் தண்ணீரில் தங்கி நின்றது.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திவிடுவோம். நீரைக் கண்டு அஞ்சுதல் இந்நோய் கண்ட மனிதருக்கே உரிய அடையாளம்; ‘நீர்வெறுப்பு நோய்’ என்ற பெயர் அதனால் வந்தது. நாய்க்கு அவ்வச்சம் அவ்வாறு தோன்றுவதில்லை. தண்ணீர் குடிக்கும் நாய்க்கு விசர் இல்லை என்று முடிவு கட்டுதல் ஆபத்தானது. அதுபோலவே, வாயில் நுரை தள்ளி, கண்டதையெல்லாம் கடித்து ஓடுவதுதான் விசர் நாய் என்பதும் பாதி உண்மையே. மூலையில் சோர்ந்து முடங்கி, தாடை தொங்க, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலத் தோன்றும் நாய்க்கும் இதே நோய் இருக்கலாம். அவ்வெலும்பை எடுக்கலாம் என்று இரக்கத்தோடு வாய்க்குள் கைவிட்டுத் தம்மை ஆபத்துக்குள்ளாக்கிக் கொள்வோர் உண்டு.

பதினான்காம் நாளும் வீரன் வாலாட்டி எழுந்தது. அன்று அந்தத் தாயார் முகத்தில் இரண்டு வாரத்தின் பின் ஒரு சிறு சிரிப்பைக் கண்டோம்.

நோய் செல்லும் வழி

மாணவர்களுக்காகச் சில சொற்கள். இந்நோயை விளைப்பது ஒரு வைரசு. கடிவாயிலே புகுந்த வைரசு குருதியில் ஓடாது. நரம்பின் வழியாக மெல்ல மூளையை நோக்கி ஊர்ந்து செல்லும். ஆதலால் கடிபட்ட நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையில் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் கழியும். சிலரிடம் ஒரு வாரத்திலும், சிலரிடம் ஓராண்டு கடந்தும் தோன்றியதுண்டு. முகத்திலும் தலையிலும் கடிபட்டால் பாதை குறுகியது, காலமும் குறுகியது. உயரத்தில் நாயின் முகத்தோடு ஒத்து நிற்பவர்கள் சிறு பிள்ளைகள். உலகில் இந்நோயால் இறப்போருள் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர் என்பதன் காரணத்தில் இதுவும் ஒன்று.

இந்த மெதுவான பயணமே மனிதனுக்கு வாய்த்த ஒரே வாய்ப்பு. வைரசு வழியில் இருக்கும்போதே தடுப்பூசி உடலிலே காவலை எழுப்பிவிடும். மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டாலோ, இன்றுவரை நம்பத்தக்க மருந்து இல்லை. பிழைத்தவர் உலகிலேயே மிகச் சிலர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோய்க்கு இரையாகின்றனர். அவர்களுள் நூற்றுக்கு 99 பேருக்கு நோயைத் தந்தது நாய்.

1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், பாரிசு நகரில் லூயி பாஸ்டர் என்னும் விஞ்ஞானி, விசர் நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தமது ஊசியை முதன்முறை போடுவித்தார். சிறுவன் பிழைத்தான். எமது பக்கத்து வளவுப் பையனுக்கும் அவனுக்கும் ஒரு வயதே வித்தியாசம். பாஸ்டர் மறைந்த செப்டெம்பர் 28ஆம் நாள் இன்று உலக விசர்நோய் தினமாக நினைவுகூரப்படுகின்றது.

கண்டுபிடித்த மருந்து எல்லா ஊருக்கும் உடனே வந்துவிடவில்லை. இந்தியாவின் முதற் பாஸ்டர் நிலையம் 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள காசௌலியில் எழுந்தது. 1902இல் நீலகிரியிலே கடிபட்ட ஓர் ஆங்கிலப் பெண், தென்னாட்டில் மருந்து இல்லாமையால் உயிரிழந்தார். அத்துயரின் பின்னரே, ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் ஈந்த பொருளும் சேர, 1907இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. காசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய ஊசி, ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஏற்றிய அவ்வூசியின் கதையைச் சொல்லி எமது பாட்டிமார் பிள்ளைகளை அச்சுறுத்தினர். அக்கதை இன்றும் சிலரை வைத்தியசாலைக்குப் போகவிடாமல் தடுக்கின்றது. அந்த ஊசி இந்நாட்டில் கைவிடப்பட்டு நெடுங்காலமாயிற்று. இப்போது கையிலே, சில நாட்களில், சிறு அளவாக ஏற்றுகின்றனர். அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம்.

நாய்க்கும் ஒரு பதிவு

இனி, நாம் தட்டிக்கழித்த பதிவுக்கு வருவோம். விசர்நோய் பற்றிய இலங்கைச் சட்டம் 1893ஆம் ஆண்டுக்குரியது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901ஆம் ஆண்டுக்குரியது. முன்னது, நோய் பரவும் காலத்தில் நாய்களைக் கட்டிவைக்கச் செய்யவும் அலையும் நாய்களை ஒழிக்கவும் அதிகாரிகளுக்கு வழி செய்தது. பின்னது, நாய் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் தமது உள்ளூராட்சி மன்றத்தில் அதனைப் பதியவேண்டும் என்றது. எமது சிறு பராயத்தில் நாய் பிடிப்பவர் வருகிறார் என்ற செய்தி ஒழுங்கையில் பரவினால், பிள்ளைகள் தத்தம் நாய்களைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவர். கழுத்தில் தகடு தொங்கிய நாய் தப்பும். தகடு இல்லாதது தப்பாது. அதனால் பதிவு என்றாலே நாயைக் கொல்வதற்கான கணக்கு என்ற எண்ணம் ஊரில் ஊறிவிட்டது.

அக்காலம் போயிற்று. 2006ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை. கொல்லுதல் நோயை ஒழிக்கவும் இல்லை. ஒரு நாய் அகற்றப்பட்ட சந்தியை இன்னொரு நாய் வந்து பிடித்துக்கொண்டது. நோயை மறிப்பது நாயின் உடம்பிலே இருக்கும் ஊசி மருந்து. ஓர் ஊரின் நாய்களுள் நூற்றுக்கு 70 ஊசி பெற்றிருந்தால், நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வழியின்றி அவிந்துவிடும் என்பது பல நாடுகளின் அனுபவம். ஆனால் 70 என்று எண்ணுவதற்கு முதலில் 100 எது என்று தெரியவேண்டும். ‘சும்மா வந்து படுக்கிற’ நாய்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எமது ஒரு வாக்கியம் வீரனை மாத்திரம் மறைக்கவில்லை. ஊரின் கணக்கையே பொய்யாக்கியது.

பதிவையும் ஊசியையும் ஒருங்கு சேர்த்த நாடு எதனைச் சாதிக்கும் என்பதற்கு யப்பான் நல்ல சான்று. போரால் சிதைந்து கிடந்த அந்நாடு 1950இல் ஒரு சட்டம் இயற்றி, ஒவ்வொரு நாயையும் பதியவும் ஆண்டுதோறும் ஊசி போடவும் கட்டளையிட்டது. ஏழே ஆண்டுகளில், 1957இல், நோய் அந்நாட்டிலிருந்து அகன்றது. இன்றும் யப்பானிய நாயின் கழுத்தில் ஊசித் தகடு ஒன்று தொங்கவேண்டும். இங்கிலாந்து, ஊசி பரவுமுன்னரே, நாய்களுக்கு வாய்க்கூடு பூட்டியும் வெளிநாட்டு நாய்களைத் தடுத்தும் 1902இல் நோயை ஒழித்தது. முதல் உலகப் போரின் முடிவில் அது மீண்டும் புகுந்தபோது 1922க்குள் மறுபடியும் விரட்டியது. மெக்சிகோ, நாய்களுக்கு இலவச ஊசியைப் பெருந்திரளாகப் போட்டு, நாய்வழி வரும் விசர்நோய் மனிதருக்கு இல்லாத நாடு என 2019இல் உலக சுகாதார நிறுவனத்தால் முதன்முதலாக ஏற்கப்பட்டது. அண்டையிலுள்ள சென்னை மாநகராட்சியும் 2025இல் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் ஊசியையும் கட்டாயமாக்கி, மீறுவோருக்குத் தண்டம் விதிக்க முற்பட்டது.

எமது நாடும் சும்மா இருக்கவில்லை. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தனர். 1975இல் தேசியத் தடுப்புத் திட்டம் தொடங்கி, நாய்களுக்கு ஊசியும் மனிதருக்குச் சிகிச்சையும் பெருகின. அண்மைய ஆண்டுகளில் அத்தொகை இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கின்றது. இது பெருமைக்குரியது. ஆயினும் அந்த இருபது முப்பது பேருள் பெரும்பாலார், உரிய வேளையில் வைத்தியசாலைக்குப் போகாதவர், அல்லது ஊசி இல்லாத நாயின் சிறு கீறலை அலட்சியம் செய்தவர். தடுக்க முடிந்த மரணத்துக்குத் தொகை சிறிது என்ற ஆறுதல் பொருந்தாது.

அரை நாய்கள்

எமது குடாநாட்டின் நிலை தனியானது. வைரவர் கோயில் இல்லாத குறிச்சி இங்கு அரிது. வைரவரின் வாகனம் நாய். சோறிடுதல் புண்ணியம் என்று கருதும் மக்கள் நாம். நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். கரையில் வள்ளம் வந்து மீன் இறங்கும் இடத்தில் நாய்கள் கூட்டமாய் நிற்கும், எவரும் கல்லெறிவதில்லை. இந்த இரக்கம் நல்லது. ஆனால் இரக்கம் சோற்றோடு நின்றுவிடுகின்றது. பெட்டைக் குட்டிகள் பிறந்தால் சாக்கில் கட்டிச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டுவருகின்றோம். அங்கே யாரோ ஒருவர் சோறிடுவார். அவரும் ‘என்னுடையதல்ல’ என்பார். இவ்வாறு வீட்டு நாயுமல்லாத, தெரு நாயுமல்லாத அரை நாய்கள் பெருகுகின்றன.

போர்க்காலமும் இதற்குத் துணை செய்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெயர்ந்தபோது, அவர்களுடைய நாய்கள் பூட்டிய படலைகளில் காத்துக் கிடந்தன. அன்று உரியவரும் நாயும் பிரிந்தது எவர் குற்றமுமன்று. இன்று, படலை திறந்திருக்க, உரியவர் வீட்டிலிருக்க, நாயை உரியவர் இல்லாததாக்குவது எமது குற்றம்.

நாயைப் பதிதல் என்பது, ‘இது என்னுடையது, இதனால் விளைவதற்கு நான் பொறுப்பு’ என்று ஊரறியச் சொல்லுதல். அப்படிச் சொன்னவர் ஊசியை மறவார், குட்டிகள் வேண்டாமெனில் கால்நடை வைத்தியரிடம் கருத்தடை செய்விப்பார், சாக்கைத் தேடமாட்டார். நாய் விற்ற காசு குரைக்காது என்பர் பெரியோர். நாய்க்காகக் கட்டும் காசும் குரைக்காதுதான். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காக்கும்.

மறவாதிருக்கவேண்டியவை

குட்டிக்கு முதலூசி எந்த வயதில் என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிந்து போடுவிக்க வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் தவறக்கூடாது. ஒருமுறை போட்டது ஆயுளுக்கும் போதாது. பூனையையும் மறத்தலாகாது, நாய்க்கு அடுத்தபடியாக இந்நோய் காணப்படும் வீட்டுப் பிராணி அதுவே. ஊசி அட்டையையும் பதிவுத் துண்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். வேண்டியபோது தேடி அலையலாகாது.

கடியோ கீறலோ, புண்ணில் பட்ட நக்கலோ எதுவாயினும், முதலில் 15 நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பின்னர் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஊசி பெற்ற நாய் கடித்தாலும் செல்லுங்கள். அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தீர்ப்பு வைத்தியருடையது, நாமாகச் சொல்லிக்கொள்ளத் தக்கதன்று. தொடங்கிய ஊசியை இடையில் நிறுத்தாதீர்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும் நெருங்காதீர்கள். நாய் கடித்தால், ஏச்சு விழும் என்று அஞ்சி மறைக்காதீர்கள். பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை வந்து சொல்லும்போது முதலில் ஏசாதீர்கள். ஏசப்பட்ட பிள்ளை அடுத்தமுறை சொல்லாது. அந்த மௌனம் மூன்று மாதத்தின் பின் பேசினால், கேட்பதற்கு மருந்து இராது.

வீரனுக்கு இப்போது ஊசி அட்டை உண்டு. பதியச் சென்ற நாளில், எழுதுபவர் “நாயின் சொந்தக்காரர்?” என்று கேட்டார். எமது பெயரைச் சொன்னோம். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், அரை நிமிடமும் ஆகவில்லை. பக்கத்து வளவுப் பையனின் கையில் வெள்ளைத் தழும்பு ஒன்று நிற்கின்றது. அவன் இன்றும் பந்து எடுக்க எமது முற்றத்துக்கு வருகின்றான், வருமுன் படலையில் நின்று, “நாய் கட்டியிருக்கோ?” என்று கேட்கின்றான். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் நாம் எழுந்து சென்று, கட்டியிருக்கின்றதா என்று எமது கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் விடை சொல்லுகின்றோம்.